எட்டாம் எண் எழுதாத அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை பரமேஸ்வரி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. "இதுல கடைசியா உங்க நம்பர்தான் இருக்கு தம்பி. தூங்குனவுக எந்திரிக்கல." வேறு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அல்லிநகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அவர் ரத்தம் எடுப்பார். நான் கம்ப்யூட்டர் பார்ப்பேன். இருவருமே தனிக்கட்டை. மதியம் என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கும் தயிர்ச்சோறா? நாக்கு செத்துப்போச்சா ஒனக்கு?" என்பார். அந்த அதட்டலுக்காகவே தயிர்ச்சோறு கொண்டுபோன நாட்கள் உண்டு.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். மார்க்கையன்கோட்டை மருத்துவ முகாமில் அவர் ரத்தம் எடுத்து வந்தார். பெயரும் எண்ணும் எழுதிய பட்டியல் ஒரு ஃபைல். மெஷின் தந்த முடிவுகள் இன்னொரு ஃபைல். எண்ணை வைத்து இரண்டையும் சேர்க்க நான் எழுதிய புரோகிராம் சிலருடைய முடிவுகளை விழுங்கிவிட்டது. இரண்டு நாள் அதைக் குடைந்தும் பிடிபடவில்லை. மேலாளர், "சேர்ந்தத அனுப்புங்க. மத்தவுகளுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "அப்புறம்னா எப்ப சார்? அங்கன மனுசங்க காத்துக்கிட்டு இருக்காக."

நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "நீ மெஷின் நம்பரப் படி. நான் எம் பட்டியலப் படிக்கிறேன்." ஏழு வரை சரியாக வந்தது. நான் "எட்டு" என்றேன். அவர் "ஏழு ஏ" என்றார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

எட்டாம் எண் என்றால் முகாமில் ஆட்கள் முகம் சுளிப்பார்களாம். "சீக்காளிக்குப் போயி எட்டாம் நம்பர் குடுக்க மனசு கேக்கல தம்பி." அதனால் பட்டியலில் ஏழு ஏ, பதினேழு ஏ என்றே எழுதியிருக்கிறார். டியூபில் ஒட்டும் ஸ்டிக்கரோ அச்சடித்து வருவது. மெஷின் படிப்பது அதைத்தான். அதில் எட்டு எட்டாகவே இருந்தது. புரோகிராமைத் திட்டித் தீர்த்த நான் அந்த இரண்டு பட்டியலையும் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடது" என்று மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார். விடுபட்டவர்களில் இருபத்தேழு ஏ, முத்துப்பேச்சி என்ற பெண். ரத்தத்தில் உப்பு மிக அதிகம். அக்கா அன்றே பஸ் ஏறிப் போய் அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டர். அதன் பிறகும் அக்கா எட்டு எழுதவில்லை. நான்தான் புரோகிராமை மாற்றினேன்.

அக்காவின் சாவைச் சொல்ல எனக்குத் தோன்றிய ஒரே ஆள் முத்துப்பேச்சிதான். மாலையோடு வந்தார். வாசலில் நாங்கள் பத்துப் பேர்கூட இல்லை. கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்க ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தார்.

"துட்டி கேக்கணும். அக்காவுக்கு ஒறவு யாரு இங்கன?"

அக்கம்பக்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"நான்தான். தம்பி."

அவர் என் கைகளைப் பிடித்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா, ஆறு வருடமாக உங்களிடம் சொல்லாததை ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். நிம்மதியாகப் போங்கள்.