ஜிம்மியின் சமுத்திர ஸ்நானம்

இன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு நாய் காவிரியில் முங்கி எழுந்து உடலை உதறியது. ஈர ரோமத்தின் அந்த நெடி என்னைத் தரங்கம்பாடிக் கடற்கரைக்குக் கொண்டு சென்றது.

அப்போது நான் சிறுமி. நாய்களை யாரும் விரட்டாத ஊர் என்று கேள்விப்பட்டு, ஜிம்மியையும் காரில் அழைத்துப் போயிருந்தோம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுத் தயிர்சாதத்தில் வளர்ந்தவன் அவன். அங்கும் அவனுக்கென்று அம்மா ஒரு தூக்கில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள்.

படகுகள் கரையேறியதும், ஊர் நாய்களுக்கு மீன் எறிந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி ஜிம்மிக்கும் ஒரு மத்தி மீனை எறிந்தாள்.

“ஐயோ, எங்காத்து நாய் அதெல்லாம் தொடவே மாட்டான்!” என்றாள் அம்மா.

“அத அவன்கிட்ட சொல்லுங்கக்கா,” என்று அவள் சிரித்தாள். ஜிம்மி அதற்குள் இரண்டாவது மீனுக்காக வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவின் முகம் இறுகியது. “இனிமே இவன் எப்படி ஆத்துக்குள்ள வருவான்?”

அவனை அங்கேயே விட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, நான் அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஓர் அலை வந்து ஜிம்மியைத் தலையோடு நனைத்துவிட்டுப் போனது.

அம்மா சற்று நேரம் அவனையே பார்த்தாள்.

“சரி, சமுத்திர ஸ்நானம் ஆயிடுத்து,” என்றாள். “வண்டியில ஏத்து.”