கோ அண்ட் கம், சார்

நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை. 1944இல் பெங்களூர் மர்பி டவுனில் பவுலினுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். ஒரு வரிகூடக் கயிறு திரித்ததில்லை.

அதற்கு முந்தைய வருஷம் ஆனேக்கல்லில் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் இன்ஜினை விமானப் பட்டறையில் கடைசியாகப் பழுது பார்த்தவன் பவுலினின் கணவன் ஆம்ப்ரோஸ். விசாரணையில் அவன்மேல் தப்பில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் பவுலினுக்குப் பயம் விடவில்லை. விட்டவர்கள் உயிரோடு இருப்பவர்கள்தானே?

வருஷம் திரும்பியதும் விமானம் விழுந்த இடத்தில் கல் நட்டு, பாதிரியாரை வைத்து ஜெபம் நடத்தினார்கள். பட்டறை ஆட்களைக் குடும்பத்தோடு லாரியில் அழைத்துப் போனார்கள். ஜெபம் முடிந்து எல்லோரும் லாரியை நோக்கி நடந்தபோது, ஒரு வெள்ளைக்காரன் மட்டும் கல்லருகே நின்றான். பட்டப்பகல். அவன் பக்கத்திலிருந்து பெட்ரோல் தீய்ந்த வாடை வந்தது.

"ஹூ இஸ் யுவர் ஹஸ்பண்ட்?" என்றான்.

பவுலின் பெயரைச் சொன்னாள். அதோடு விட்டாளா? நம் ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்காதே. "ஒன் டே கம் ஹோம், சார்" என்றாள். ஒரு நாள் வீட்டுக்கு வாங்க என்று நாம் யாரிடம்தான் சொல்வதில்லை? அதை நம்பி யாரும் வாசலில் வந்து நிற்பதுமில்லை.

அவன் சிரிக்கவில்லை. "வென்?" என்றான்.

லாரியில் ஏறியதும் அவள் அந்தத் துரையைப் பற்றிக் கேட்டாள்.

"எந்தத் தொரை? தொரைங்கல்லாம் அப்பவே கார்ல போய்ட்டாங்களே" என்றான் ஆம்ப்ரோஸ்.

மறுநாள் மாலை ஐந்தரை. தெருவில் பூட்ஸ் சத்தம்... வாசலில் நின்றது. அதே தீய்ந்த வாடை.

டொக்... டொக்...

கதவிடுக்கில் பார்த்தாள். கருகிய காக்கிச் சட்டைக் கை. அந்தக் கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

வந்தவர்களை அனுப்ப எப்போதும் சொல்வதுதான் வாயில் வந்தது.

"ஹி இஸ் இன் த வொர்க்‌ஷாப். கோ அண்ட் கம், சார்."

பூட்ஸ் திரும்பி நடந்தது.

எதிர்வீட்டு ஜகதாம்பாளிடம் அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வான்னா வராம இன்னாடி பண்ணுவான்? போன்னு சொல்லு. ஒரே பேச்சா, போன்னு சொல்லு!"

காலையில் ஆம்ப்ரோஸின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினாள். "இன்னிக்கி வேலைக்குப் போகாதீங்க."

"யுத்த காலத்துல லீவு கேட்டா உள்ள தள்ளிடுவாங்க பவுலி" என்று அவன் கிளம்பிவிட்டான்.

அன்றும் ஐந்தரை.

பூட்ஸ்... மெதுவாக வந்தது. வாடை கதவிடுக்கு வழியே உள்ளே வந்தது.

டொக்...

"யாரு?"

கதவை யாரோ உள்ளங்கையால் தடவுகிற சத்தம்...

பவுலின் கண்ணை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து எவரிடமும் சொல்லாததை அடித்தொண்டையில் கத்தினாள்.

"போ! இனிமே இந்த வாசல மிதிக்காத!"

தடவல் நின்றது.

பூட்ஸ் திரும்பியது.

போய்விட்டது...

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் வெளியே ஜகதாம்பாளின் குரல்.

"அடிப்பாவி! கட்டின புருஷன எவளாச்சும் இப்பிடித் தொரத்துவாளா? தலையத் தொங்கப்போட்டுக்கினு போறாரே!"

கதவைத் திறந்தாள். தெருவில் ஆம்ப்ரோஸ் இல்லை.

விளக்கு வைப்பதற்குள் பட்டறையிலிருந்து ஆம்ப்ரோஸோடு வேலை செய்யும் டொமினிக் சைக்கிளில் வந்தான்.

"பெட்ரோல் டிரம் வெடிச்சிடுச்சுக்கா. அந்தப் பக்கம் அவருக்கு வேலையே இல்ல. யாரோ தொரை கூப்பிடுறாருன்னு போனாரு. எங்க கண்ணுக்கு யாரும் தெரியல."

"இப்பதானே இங்க வந்தாரு!" என்றாள் ஜகதாம்பாள்.

டொமினிக் அவளையே பார்த்தான். "மூணு மணிக்கே உயிர் போயிடுச்சும்மா."

அதன்பின் பவுலின் கதவுக்குத் தாழ் போட்டதே இல்லை. ராத்திரியிலும் திறந்தே கிடந்தது. ஆம்ப்ரோஸ் வரவில்லை. பெண்டாட்டி பேச்சை ஒருநாளும் தட்டாத மனுஷன் அவன்.