கை தானாகப் போடும் பார்டர்

அவனியாபுரத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகும். பழைய பைலைத் திறந்து, பேரை மாற்றி, முகத்தை மாற்றினால் வேலை முடிந்தது. அப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் கடைக்கார அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எதுத்த கடைக்காரன் புதுசு புதுசா போடுறாம்மா. நம்மகிட்ட வர்றவுங்க எல்லாம், எங்க மச்சான் வீட்டுக்கு அடிச்ச அதே பிளெக்ஸ்தானன்னு கேக்குறாய்ங்க. நீயும் ஏதாச்சும் புதுசா யோசிச்சாத்தான் ஆகும்."

எனக்குச் சுருக்கென்றது. வரையப் பிடிக்கும் என்பதால்தான் இந்த வேலைக்கே வந்தேன். கடைசியாக எப்போது பென்சிலைப் பிடித்தேன் என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை.

அந்த வாரம் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. தினமும் ஒரு பக்கம் வரையுங்கள், எதை வேண்டுமானாலும் வரையுங்கள், அதில் சரி தப்பு கிடையாது, கை தானாகத் திறந்துகொள்ளும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். கோடு போடாத கெட்டி நோட்டு ஒன்றும் ஒரு டப்பா வாட்டர் கலரும் வாங்கிவந்தேன்.

சமையல் வேலை முடிந்ததும் அடுப்படி மேடையிலேயே நோட்டை விரித்தேன். ஜன்னலில் தெரிந்த முருங்கை மரத்தை வரையலாம் என்று நினைப்பு. கை முதலில் பக்கத்தின் நாலு ஓரத்திலும் பார்டர் போட்டது. மரத்தை நட்டநடுவில் வைத்தது. மேலே ரெண்டு மூலையிலும் என்னைக் கேட்காமலே பூக்கொத்து வந்து உட்கார்ந்தது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாமன்மாருங்க போட்டோ எங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க" என்று கத்திவிட்டேன். பாவம், டிபன் பாக்ஸை எடுக்காமலே போய்விட்டார்.

மறுநாள் வேண்டுமென்றே இடது கையில் வரைந்தேன். கோணல்மாணலாக ஒரு பார்டர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை ஓட்டிப் பார்த்தேன். வாட்டர் கலரில் தாளே நொதநொதவென்று ஊறி, பின்பக்கம் வழியாக அடுத்த பக்கத்தையும் கெடுத்தது. பேப்பரைக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டிப் பார்த்தேன். அது கொஞ்சம் நன்றாகவே வந்ததுபோல இருந்தது. விடிந்து பார்த்தால் கரப்பான் பூச்சி பாதியைத் தின்றிருந்தது. அந்த வீடியோ பெண்ணின் வீட்டில் கரப்பான் பூச்சி கிடையாதுபோல.

ஆனாலும் விடவில்லை. வீம்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

கடை மிஷினில் மை பீய்ச்சும் ஹெட் அடைத்துக்கொண்டால் பிளெக்ஸ் வரிவரியாக, கலர் மாறி வரும். அதை வெட்டி மூலையில் போட்டுவிடுவோம். அந்தத் துண்டுகளில் சிலதை வீட்டுக்கு எடுத்துவந்து நோட்டில் ஒட்ட ஆரம்பித்தேன். ஒருத்தரின் காது, இன்னொருத்தரின் பாதி மீசை, யாரோ ஒரு குழந்தையின் கை. பக்கத்தின் ஓரத்தில் அந்தக் கையை மட்டும் ஒட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே வெள்ளையாக விட்டேன். பார்க்கப் பார்க்க அந்தக் கை எதையோ கேட்பதுபோல இருந்தது. அன்று சோறு வடித்ததுகூட ஞாபகமில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் மகளின் காதணி விழாவுக்கு பிளெக்ஸ் சொல்ல வந்தார். "புதுசா இருக்கணும்மா, ஊர்ல எவனும் அடிச்சிருக்கக் கூடாது" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வெள்ளைப் பரப்பில் ஓரமாக அந்தப் பிள்ளையின் முகம், காதைத் தொடும் சின்ன விரல், கீழே சிறிய எழுத்தில் விழா விவரம். விரலை நானே கையால் வரைந்து ஸ்கேன் பண்ணிச் சேர்த்தேன்.

அவர் திரையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கடைக்கார அண்ணனிடம் திரும்பினார்.

"என்னண்ணே, இம்புட்டு எடம் சும்மா கெடக்கு? எங்க மச்சான்மாரு நாலு பேரு, அவுங்க போட்டோ எங்க? அவுங்க பாத்தா சீரே கொண்டுவர மாட்டாய்ங்கண்ணே."

"புதுசா கேட்டீங்களே" என்றேன்.

"புதுசான்னா கலர்தாம்மா புதுசா இருக்கணும்."

அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பழைய பைல எடும்மா."

எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மச்சானாகச் சொல்லச் சொல்ல வட்டம் வட்டமாக வைத்தேன். கடைசியில் இடம் போதாமல் பிள்ளையின் முகத்தைச் சின்னதாக்க வேண்டி வந்தது. அவர் திருப்தியாகப் போனார். அண்ணனும் திருப்தியாக டீ சொன்னார். எனக்கு வந்த டீ ஆடை கட்டி ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்து நோட்டைத் தூக்கி பீரோ மேலே எறிந்தேன். "இனிமே இந்தக் கருமத்தத் தொட மாட்டேன்" என்றேன். வீட்டுக்காரர் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு உசிலம்பட்டி போனோம். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏற வந்தால் பஸ் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. ரோட்டோரம் சந்தையில் விற்காத மாடுகளை வண்டியில் ஏற்றுவதற்காகக் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு செவலை மாடு ஏற மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. பையில் மிச்சமாகக் கிடந்த மொய்க் கவரை எடுத்து, கவரின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்க ஆரம்பித்தேன்.

மாடு நின்றால்தானே. தலையைப் போடுவதற்குள் திரும்பியது. முதுகைப் போடுவதற்குள் பின்னால் நகர்ந்தது. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கோடுமேல் கோடு விழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்த பெரியவர் கவரை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தாயி, மாடா?"

"மாடுதாங்கய்யா."

"வால் எங்க?"

"போடுறதுக்குள்ள திரும்பிருச்சு."

"அது அப்படித்தான் திரும்பும்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுண்டினார்.

நன்றாக இல்லைதான். யாரிடமாவது காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் வண்டியில் ஏற மறுத்த அந்தப் பிடிவாதம் ரெண்டு முன்னங்காலிலும் இருந்தது. அதை நான் யோசித்துப் போடவில்லை. யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. இது முன்னாலேயே தெரியாமல் எத்தனை காலை நேரத்தை எரிச்சலில் கழித்தேன் என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது. அடுத்த தடவை இதேபோல வருமா என்றால், அதுவும் தெரியாது.

டிரைவர் ஹாரன் அடித்தார். வீட்டுக்காரர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கையை ஆட்டினார்.

"ஏம்மா, வாரியா இல்லையா?"

அடுத்த மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அது கறுப்பு. முன்னதைவிடப் பெரிய முரடுபோலத் தெரிந்தது.

"அடுத்த பஸ்ல போவம்ங்க" என்றேன்.

அவர் என்னையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "அப்ப நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று எதிர்க்கடைக்கு நடந்தார்.