கொடிக்காரனுக்கு ஒரு தாயத்து

அன்றைக்கு எங்கள் காலடிப்பேட்டை வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அம்மாவின் அக்காவான பெரியம்மா, அவளோடு ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்த பெரியப்பா, அவர்களுடைய ஒரே மகனான அண்ணன், பிறகு நான். அப்பாவுக்கு அத்திப்பட்டில் பகல் ஷிப்டு, ஆகவே சாட்சிக் கணக்கில் அவர் வரமாட்டார். இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. பெரியப்பா இப்போதெல்லாம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையே உலகத்தில் வரவில்லை என்பதுபோல் பேசுகிறார். ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் உயிரோடும் ஞாபகத்தோடும் இருக்கிறோம்.

மாமா காட்டுப்பள்ளியில் கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர். பழுது பார்க்க வந்த ஒரு கப்பலின் சமையல்காரர், ஊருக்குத் திரும்பும்போது ஓர் அட்டைப்பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே விரல் உயரத்துக்கு நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் வீரர்கள், ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், கை நிறைய டைஸ். ஒரு பக்கம் மனிதப் படை, எதிர்ப்பக்கம் பல்லி முகம் கொண்ட படை. தரையில் விரித்துப் போட்டு, அளவு நாடா வைத்து நகர்த்தி, டைஸ் உருட்டிச் சண்டை போட வேண்டும். மாமா அத்தனை பேருக்கும் வேலையிடத்தில் மிச்சமான பெயின்டை அடித்தார். எங்கள் படையின் சட்டை கப்பலின் அடிவயிற்றுக்குப் பூசும் சிவப்பு, தொப்பி புகைக்கூண்டின் மஞ்சள். மூக்கு நுனிக்குக்கூட ஊசியால் தொட்டுத் தொட்டு வைப்பார்.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்கே கிடப்பார் என்று தெரு முழுக்கத் தெரியும். பெட்டி வந்த பிறகு அவர் எங்கள் கூடத்தில் கிடந்தார். அதனால் அம்மா அந்தப் பொம்மைகளைத் தன் பட்டுப்புடவையைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

பெரியப்பா துறைமுகத்தில் ஓர் ஆபீஸில் கிளார்க். ஆங்கிலம் தெரிந்தவர், அதை நாளுக்கு ஒரு தரமாவது எங்களுக்குச் சொல்லிவிடுவார். புத்தகத்தை அவர்தான் படித்து விதி சொல்வார். விதி சொல்கிறவரே எதிராளியாகவும் இருந்தால் என்ன ஆகும்? மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஜெயித்ததில்லை.

அன்றைக்கு வந்ததும் வராததுமாகப் பெரியப்பா ஆரம்பித்தார். "மச்சான், எங்க ஆபீஸர் பையன் இந்த மாதிரி பொம்மைக்கு உசுர வுடுறான். பொட்டிய குட்த்தா எனக்கு ஒரு நல்ல பேரு. உனக்கு இன்னாத்துக்கு இது? ஒரு வாட்டியாச்சும் ஜெயிச்சிக்கிறியா?"

"இன்னிக்கு ஜெயிச்சிட்டா?"

"ஜெயிச்சிட்டா ஐந்நூறு ரூபா என் கையால தரேன். தோத்துட்டா பொட்டி என்னுது."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். "டேய், பொட்டிய வச்சி பெட்டு கட்டாதடா! அது கீறதாலதான் நீ ஞாயித்துக்கெயம வூட்ல கீற!"

ஆனால் மாமா கையை நீட்டிவிட்டார். பெரியப்பா அதைப் பிடித்துவிட்டார்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அப்போது பதினொரு வயது, இன்றும் அப்படித்தான். இதை எழுதும்போதே அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. அந்த வயதில் என் பெரிய பயம் வாடை. காற்று திசை மாறினால் ஆலைகளிலிருந்து எங்கள் பக்கம் ஒரு நெடி வரும். கண் எரியும், தொண்டை அடைக்கும். அம்மா துண்டை வாளியில் முக்கி எங்கள் மூக்கில் கட்டிவிடுவாள். தேவைப்படும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால்? அதனால் நான் ஓர் ஈரத்துண்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலையணைக்கு அடியில் எப்போதும் வைத்திருப்பேன். பாய் நனைந்து பூஞ்சை பிடித்ததற்கு வாங்கிய அடி தனி.

சண்டைக்கு முன்பு மந்திரப் பொருள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படைக்கும் நூறு பாயின்ட். மந்திர வாள், கேடயம், சுருள் ஓலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. படையில் பெயருள்ள ஆட்கள் மூன்று பேர்: தளபதி, மந்திரவாதி, கொடிக்காரன். ஆளுக்கு ஒரு பொருள்தான். எதை யாருக்குக் கொடுத்தோம் என்று எதிராளிக்குச் சொல்லக் கூடாது. சீட்டில் எழுதி மடித்துப் பொம்மையின் காலடியில் வைத்துவிட வேண்டும். மாமா ஒவ்வொரு வாரமும் நூறு பாயின்டையும் கொட்டி மலையைப் பிளக்கும் வாளை எடுத்துத் தளபதியிடம் கொடுப்பார். தளபதி அதை ஓங்குவதற்கு முன்பே ஒவ்வொரு வாரமும் செத்துப்போவார்.

"இன்னிக்கு என் கையே வேணா. பாப்பா, நீ எட்றா கண்ணு," என்றார் மாமா.

"அதாண்ட போய் வுடுறியே! அது ரோடு தாண்டவே அரை மணி நேரம் யோசிக்குமே," என்றாள் பெரியம்மா.

பெரியப்பா பட்டியலைத் தமிழில் படித்துச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டேன். வாள் உடைந்தால் வேறு தருவார்களா? மோதிரம் போட்டவன் தூங்கிவிட்டால் அது வேலை செய்யுமா? பறக்கும் கம்பளத்திலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு?

"இன்னாமே இது, பேஜாரு! எல்ஐசி பாலிசியா எடுக்குற?" என்று பெரியப்பா கத்தினார். அண்ணன் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தான்.

கடைசி வரியை மட்டும் அவர் முணுமுணுத்துவிட்டுப் புத்தகத்தை மூடப் பார்த்தார். படிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு அன்றிரவு தூக்கம் வராது.

"அது இன்னா பெரியப்பா, கட்சீல?"

"அது ஒண்ணுமில்ல. ஒரு தாயத்து, பத்து பாயின்ட். வச்சினுகீறவனயும் அவன் நிக்கிற வரிசையயும் வெசப்பொகை ஒண்ணும் பண்ணாது. எவனாச்சும் வாங்குவானா இத?"

மாமாவும் நானும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். எனக்குக் கணக்கு ஆகாது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இந்தக் கணக்கு மட்டும் தண்ணீர்போல் ஓடியது. தளபதிக்கு, ஒரே ஓர் அடியை வாங்கிக்கொண்டு உடைந்துபோகும் கேடயம், ஐம்பது. மந்திரவாதிக்கு, எதிராளியின் ஒரு மந்திரத்தைக் கலைக்கும் ஓலை, நாற்பது.

"இன்னா பாப்பா, எல்லாமே அடி வாங்குறதுக்கே எட்த்துகினு கீற! அடிக்கிறதுக்கு ஒண்ணும் வாணாவா?" மாமாவின் குரலில் பெட்டி போய்விட்ட துக்கம் இப்போதே இருந்தது. "சரி, மிச்சம் பத்து. அதுக்கு உருப்படியா ஒண்ணும் வராது, வுடு." அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

நான் கொடிக்காரனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். படையின் நட்ட நடுவில் நிற்பவன் அவன். அவன் நிற்கும்வரை மற்றவர்கள் ஓட மாட்டார்கள். அவன் விழுந்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்பது விதி. இரண்டு கையாலும் கொடிக்கம்பைப் பிடித்திருந்தான். புகை வந்தால் இவன் எந்தக் கையால் மூக்கை மூடுவான்? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. சீட்டில் 'தாயத்து' என்று எழுதி, மடித்து, அவன் காலடியில் ஒட்டினேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

கூடத்தில் போர்வையை விரித்தோம். கவிழ்த்த குண்டானும் சட்டியும் மலை, அப்பாவின் நீல லுங்கி ஆறு. பெரியப்பா தம் படையை வரிசையாக வைத்துவிட்டு, கடைசியாகப் பைக்குள்ளிருந்து டிராகனை எடுத்தார். இத்தனை நாள் இறக்கை உடைந்து பெட்டியின் மூலையில் கிடந்த டிராகன். முந்தைய வாரம் மாமாதான் அதற்கு இறக்கை ஒட்டி, செதில் செதிலாகப் பச்சை அடித்துக் கொடுத்திருந்தார். அதன் முதுகில் பல்லித் தளபதி உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தியா மச்சான், நீ ரிப்பேர் பண்ண வண்டிதான்."

தன் கைவேலையைப் பெருமையாகப் பார்ப்பதா, பயந்து பார்ப்பதா என்று மாமாவுக்குத் தெரியவில்லை.

ஆரம்பமே இடி. பல்லி மந்திரவாதி மின்னல் விட்டான். அதை எங்கள் ஓலை கலைத்தது. "ஒண்ணு போச்சு," என்று பெரியப்பா விரலை மடக்கினார். அடுத்த முறையில் டிராகன் லுங்கி ஆற்றைத் தாண்டிப் பறந்து, கொடிக்காரன் நின்ற நடு வரிசைக்கு நேர் எதிரில் இறங்கியது. பெரியப்பா எழுந்து நின்றுகொண்டார். ஆபீஸில் பேசுவதுபோல் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. இது வாயில நெருப்பு வுடுற பழைய காலத்து டிராகன் இல்ல. இது வுடுறது வெசப்பொகை!"

டைஸை உருட்டினார். ஆறும் ஐந்துமாக விழுந்தன. பெரியம்மாகூட "அய்யோ" என்றாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கதவோரத்தில் முந்தானையை வாயில் வைத்து நின்றாள். பெரியப்பா குனிந்து எங்கள் சிவப்புச் சட்டைக்காரர்களை ஒவ்வொருவராகப் பொறுக்க ஆரம்பித்தார்.

சீட்டைச் சரியாக எழுதினேனா? தமிழில் எழுதினால் செல்லுமா? இப்போது வாயைத் திறந்து அது செல்லாது என்று ஆகிவிட்டால்? நான்காவது ஆளையும் அவர் எடுத்தபோதுதான் வாயைத் திறந்தேன்.

"எடுக்காதீங்க பெரியப்பா. மாமா, கொடிக்காரன் காலாண்ட பாரு."

மாமா கொடிக்காரனைத் தூக்கினார். சீட்டைப் பிரித்தார். ஒரு தரம் படித்தார், இன்னொரு தரம் படித்தார். பிறகு அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"செல்லாது! அது வேற பொகை!" என்றார் பெரியப்பா.

"இன்னா வேற பொகை? இப்பதான் ஊருக்கே மைக் வச்சி சொன்னீங்க மச்சான், வெசப்பொகைன்னு!"

அண்ணன் புத்தகத்தைப் பிடுங்கி விரல் வைத்துப் படித்தான். அவன் இங்கிலீஷ் மீடியம். அப்பாவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "இல்லப்பா. அதேதான் போட்டுக்குது. வரிசைல ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவாது."

பெரியம்மா கை தட்டினாள். "பெத்த புள்ளையே சொல்லிச்சி. பொம்மைய கீய வைங்க!"

நான்கு பேரும் திரும்பவும் தங்கள் இடத்தில் நின்றார்கள். இப்போது டிராகன் ஓர் ஆளைக்கூடக் கொல்லாமல் எங்கள் ஈட்டிகளுக்கு முன்னால் தனியாக மாட்டிக்கொண்டிருந்தது. மாமா முன்னாலிருந்து வரிசையையும் பக்கவாட்டிலிருந்து குதிரைக்காரர்களையும் பாயவிட்டார். டிராகன் எங்கள் தளபதியைக் கடித்தது. கேடயம் உடைந்தது, தளபதி நின்றார். முதல்முறையாக நின்றார். கொடிக்காரனும் நின்றான், அதனால் ஒருவரும் ஓடவில்லை.

"நீ போடு பாப்பா," என்று மாமா டைஸ் எல்லாவற்றையும் என் இரண்டு கையிலும் கொட்டினார். நான் போட்டேனா, அவையே விழுந்தனவா என்று தெரியாது. விழுந்தது போதுமானதாக இருந்தது. மாமா ஒட்டிய இறக்கையோடு டிராகன் சாய்ந்தது, அதன் மேலிருந்த பல்லித் தளபதியும் சாய்ந்தான். மிச்சப் பல்லிகள் போர்வையின் விளிம்புவரை ஓடி, அதையும் தாண்டி ஓடிப்போயின.

அதற்குப் பிறகு நடந்ததை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனைவரை ஓடினார். "எங்க பாப்பா டிராகன சாய்ச்சிட்சி!" என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னார், தண்ணீர் லாரிக்காரரிடம் சொன்னார். என்ன ஏதென்று தெரியாமலே அவர்களும் கை கொடுத்தார்கள். கீழே விழுந்துவிடுவேனோ என்ற நினைப்பு அந்தத் தெரு முழுக்க எனக்கு வரவே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு தெரு அது ஒன்றுதான்.

திரும்பி வந்தால் மீன் குழம்பு தயாராக இருந்தது. தோற்றவருக்குத்தான் முதல் துண்டு என்று பெரியம்மா புருஷன் தட்டில் மீன் தலையை வைத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கையில் அம்மா கொடிக்காரனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் தாயத்து நெஜமாவே எங்கயாச்சும் விக்கிறானா?" என்று பெரியப்பாவைக் கேட்டாள்.

கூடமே வெடித்துச் சிரித்தது. ஜெயித்தவள் என்ற உரிமையில் நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அம்மா தமாஷுக்குக் கேட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து அவளும் சிரித்தாள்.

அவ்வளவு நல்ல தாயத்துக்கு ஏன் பத்தே பாயின்ட் என்றும் நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. மலிவாகக் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுமோ. எங்கள் தெருவில் யாரையாவது கேட்டு விலை போட்டிருந்தால் நூறு பாயின்டும் அதற்கே போயிருக்கும்.

பெட்டி இன்னும் மாமாவிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் வீட்டில்தான் இருக்கிறார். பெரியப்பா அன்றைக்குப் பஸ் காசு போக இருநூறு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். போன மாதம் அண்ணன் மகளின் காது குத்தலில் மீதியைக் கேட்டேன். "எந்தப் பணம்மே? எந்த டிராகன்?" என்றார். முந்நூறு ரூபாய் பாக்கி.