மிஷின் அக்கா வாங்கிய கார்

கார் வாங்கப் போகிறேன் என்று மிஷின் அக்கா சொன்னபோது அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. "எந்தக் காரு?" என்றார். மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற கார் என்று அவள் சொன்னதும் கவளம் தட்டுக்கே திரும்பிவிட்டது.

"அதுல கோழி குடியிருக்கும்மா!"

"காலி பண்ணிடும். பேசிட்டேன்."

அந்தத் தெருவில் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவள், ஆகவே மிஷின் அக்கா. துணி ஆலையில் வரிசை வரிசையாகத் தைக்கிற பெண்களுக்கு நடுவே, இடுப்பில் ஸ்குரூ டிரைவரும் கையில் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பியுமாக நடப்பாள். நூல் அறுந்தாலும் ஊசி உடைந்தாலும் "அக்கா!" என்ற குரல்தான். அவளுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: கத்துற மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய். முக்கால்வாசி நோய் அந்தச் சொட்டிலேயே தீர்ந்துவிடும். தீராத நோய்க்கும் முதலில் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பாள்.

கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், அவருடைய விசில் இல்லை. அது இன்னமும் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆயுசெல்லாம் பஸ்ஸிலேயே போய்வந்த மனுஷனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது. அக்காவோ ஆலை வேனை ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தாள். இந்த விஷயத்தை வீட்டில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கார் என்ன ஆடம்பரத்துக்கா? ஊரைச் சுற்றிச் சின்னச் சின்னத் தையல் கடைகள் அக்காவை வரச் சொல்லிக்கொண்டே இருந்தன. மிஷின் தலை ஒன்று கைக்குழந்தையைவிடக் கனம். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை பஸ் ஏறினாள். ஏறியது கணவர் பஸ்ஸில். கட்டின மனைவி என்றும் பாராமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார் அந்த மனுஷர். அன்றே அவள் மனதில் சொந்த வண்டி விழுந்துவிட்டது. சொந்த வண்டி, சொந்தத் தொழில். மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்து லீவு கேட்கிற பிழைப்பு போதும்.

புது வேனுக்கு வசதி இல்லை. மருந்துக்கடைக்காரருடைய அப்பாவின் காரோ உருண்டை மூக்கும் அகலமான டிக்கியுமாக, தூசியிலும் ஒரு மிடுக்கோடு நின்றது. அவள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். 'தொப்' என்று ஒரு சத்தம் வந்தது. இப்போது வருகிற வண்டிகளின் தகரச் சத்தம் இல்லை, கனமான, நிதானமான 'தொப்'. அதிலேயே விழுந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் நல்ல மனுஷர். "கோழிங்களையும் சேத்து எடுத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம் கொறைக்கலாம்" என்றுகூடச் சொன்னார்.

வாங்குவது பாதிக் கிணறு. மீதிப் பாதிதான் மூச்சு வாங்க வைத்தது. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று கண்டக்டர் தினம் ஒரு தடவை சொன்னார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருமுனைப் பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஜினைப் பார்த்துக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, அவர் வீட்டில் பழுதாகிக் கிடந்த தையல் மிஷினை அக்கா ஓட வைத்தாள். ஆலையில் கழித்துப்போட்ட கேன்வாஸ் துண்டுகளை எடைக்கு வாங்கி இருக்கைகளுக்கு உறை தைத்தாள். முன்சீட்டு நீலம், பின்சீட்டு காப்பிக்கொட்டை நிறம், கதவுப் பக்கம் கிடைத்த நிறம். வாசல் கேட்டுக்கு வாங்கி மிச்சமான பச்சைப் பெயிண்டைத் தேய்த்துத் தேய்த்துப் பூசினாள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். கிட்டே போனால் பிரஷ் போன தடம் தெரியும். ஆகவே தூரத்திலிருந்து பார்ப்பதே மரியாதை.

"கேட்டுக்கும் காருக்கும் ஒரே பெயிண்டு. எது கேட்டு, எது காருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் கண்டக்டர்.

"நகராதது கேட்டு."

"அப்ப ரெண்டுமே கேட்டுதான்."

அவள் முறைத்தாள். அவர் விடவில்லை. "சோதனையில பாஸாகட்டும், அப்புறம் பாக்கலாம். அதுவரைக்கும் இந்த டப்பாவுல நான் ஏற மாட்டேன்."

அந்தச் சோதனைதான் எல்லாவற்றுக்கும் குறுக்கே நின்றது. பல வருஷம் ஓடாமல் கிடந்ததால் காரின் பதிவு காலாவதியாகப் போகிற நிலையில் இருந்தது. மாதக் கடைசிக்குள் வாகன அலுவலகத்தில் தகுதிச் சோதனை தேறாவிட்டால் பதிவு ரத்து. அப்புறம் அது கார் இல்லை, காயலான் கடைச் சரக்கு. அக்கா ஆலை வேலையையும் விட்டாயிற்று. சேமிப்பெல்லாம் வண்டிக்குள் போயாயிற்று. தோற்றால், அதே மேற்பார்வையாளர் முன்னால் போய்க் கைகட்டி நின்று தினக்கூலிக்குக் கேட்க வேண்டும். கண்டக்டரின் கிண்டலுக்குள் இருந்தது இந்தப் பயம்தான். பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரிந்த ஆண்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா வண்டியை வீட்டு வாசலில் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் 'கீச்' என்று ஒரு சத்தம். பட்டறைக்காரர் பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். "பிரேக் நல்லா பிடிக்குதுக்கா, கவலையே வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அந்தக் கீச்சு? அதிகாரி கேட்டால் என்ன நினைப்பார்? வாழ்நாள் முழுக்க ஒரு மிஷினைக் கத்த விட்டவள் இல்லை அவள்.

சக்கரங்களைக் கழற்றினாள். சக்கரத்துக்குப் பின்னால் மூடியிருந்த பிரேக் டிரம்மை இழுத்தாள். உள்ளே பிறை மாதிரி இரண்டு கட்டைகள், அவற்றின் மேல் ஒட்டியிருந்த லைனிங் வறவறவென்று காய்ந்து கிடந்தது. பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது. அப்புறம் என்ன, எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். ஒரு சொட்டோடு நிற்கவில்லை, பெரிய மிஷின் அல்லவா, கை தாராளமாகப் போனது. நாலு சக்கரத்துக்கும் பாரபட்சமில்லாமல் விட்டாள். எல்லாவற்றையும் மாட்டிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினாள். சத்தமே இல்லை.

"பாத்தீங்களா? பட்டறைக்காரருக்கே தெரியாத வைத்தியம்" என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

சோதனை தேறாமல் ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் மறுநாள் காரை ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வாகன அலுவலக மைதானத்தில் இறக்கினார்கள். விளக்கு சரி, ஹாரன் சரி, இன்ஜின் சரி. நீலச் சட்டை அதிகாரி பச்சைப் பெயிண்டைச் சுற்றிவந்து பார்த்து, "பரவாயில்லையேம்மா" என்றுகூடச் சொன்னார். கடைசியாக, தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி, "அந்தக் கோட்டுக்கு முன்னாடி பிரேக் அடிச்சு நிறுத்துங்க" என்றார்.

அக்கா ஓட்டினாள். மிதித்தாள். வண்டிக்குக் காதே கேட்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், அதுவும் பிடிக்கவில்லை. கோட்டைத் தாண்டி, அதிகாரியின் டீ மேசையைப் பக்கவாட்டில் உரசி, டம்ளரைக் கவிழ்த்து, மைதானத்து ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் 'தொப்' என்று போய் முட்டி நின்றது. ஒரு கீச்சுச் சத்தம் கூட வரவில்லை.

வரிசையில் காத்திருந்த டிரைவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வண்டி நல்லாத்தான் ஓடுதும்மா. நிக்கத்தான் மாட்டேங்குது. மாசக் கடைசிக்குள்ள இன்னும் ஒரே ஒரு சான்ஸ் இருக்கு, சரி பண்ணிட்டு வாங்க" என்றார். அக்காவுக்குக் கண் இருட்டியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. சறுக்கிய ஆனைக்கு எப்படி இருக்கும் என்று பழமொழி சொல்வதில்லை.

திரும்பி வரும்போது லாரியில் கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது ஆரம்பிப்பார், இப்போது ஆரம்பிப்பார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒருநாள் ஸ்டாப்பிங்ல எல்லாரையும் ஏத்திவிட்டேன். ஒரு பெரியம்மாவோட கூடையத் தூக்கிக் குடுத்தேன். குடுத்துட்டு விசில் அடிச்சேன். பஸ்ஸு போயிடுச்சு."

"சரி?"

"நான் ஏறல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ நின்னுக்கிட்டே ரைட் குடுத்துட்டேன். டிரைவர் பாட்டுக்குப் போயிட்டான். பையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடினேன். பஸ்ஸு பூரா எட்டிப் பாத்துச் சிரிக்குது. விசில் அடிச்சு அடிச்சுக் கை பழகிடுச்சும்மா, கால் ஏறிச்சான்னு கை பாக்கல. உனக்கும் அதேதான்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதை அவர் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பட்டறைக்காரர் வந்து டிரம்மைக் கழற்றி, கட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "இது தையல் மிஷின் எண்ணெய் வாசனையாச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, மிஷின் ஓடணும், அதுக்கு எண்ணெய் விடுறீங்க. இது நிக்கணும்க்கா! உரசினாத்தான் நிக்கும்."

"துடைச்சுட்டா?"

"எண்ணெயக் குடிச்சிருச்சு. இனி துடைச்சுப் பிரயோஜனமில்ல. லைனிங்கைப் பிச்சுட்டுப் புதுசு வெச்சு ரிவெட் ஆணி அடிக்கணும்."

இந்த மாடலுக்கு லைனிங் எங்கேயும் கிடைக்கவில்லை. சின்ன லாரிக்கான லைனிங்கை வாங்கி, அளவுக்கு அறுத்து, அரம் போட்டுத் தேய்த்து, பழைய கட்டைகளிலேயே பொருத்தினார்கள். ரிவெட்டை அக்காவே அடித்தாள். டிரம்முகளைக் கழுவும் வேலையைக் கண்டக்டர் தானாகவே எடுத்துக்கொண்டார். சில்லறை தவிர வேறெதிலும் அழுக்காகாத விரல்கள் அவருடையவை. தின்னர் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தார். நகமெல்லாம் கறுப்பு.

"அந்த எண்ணெய்க் குப்பி எங்க?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"அலமாரியில வெச்சுப் பூட்டத்தான்."

எல்லாம் மாட்டி வாசலில் நகர்த்தியபோது, புது லைனிங்கும் 'கீச்' என்றது. அக்காவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. குப்பி இல்லை. "இந்த லைனிங் கொஞ்சம் கத்தும்க்கா, கத்தட்டும்" என்றார் பட்டறைக்காரர். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகினாள்.

இரண்டாவது தடவையும் அதே மைதானம், அதே நீலச் சட்டை. அதிகாரி இந்த முறை டீ மேசையைத் தள்ளிப் போட்டிருந்தார். டிரைவர்கள் சிலர் முன்கூட்டியே சிரிக்கத் தயாராக நின்றார்கள். அதிகாரி கையை அசைத்தார். வண்டி புறப்பட்டது. அப்போதுதான், அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் எழுந்து விறுவிறுவென்று நடந்து போய், கோட்டுக்கு அந்தப் பக்கம், போன தடவை கார் முட்டிய டயர்களுக்கு முன்னால் நேராக நின்றுகொண்டார்.

"பெரியவரே! தள்ளுங்க!" என்று அதிகாரி கத்தினார்.

"நிறுத்திடுவா சார்."

இது புத்திசாலித்தனமான காரியம் இல்லை. யாரும் செய்து பார்க்கவும் வேண்டாம். கண்ணாடி வழியே அக்கா அவரைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, பையில் விசில், நகத்தில் போகாத கறுப்பு. இருந்த பயமெல்லாம் வலது காலுக்கு இறங்கியது. மிதித்தாள்.

'கீச்!' மைதானம் முழுக்கக் கேட்டது. கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே, முரட்டு மாடு கொம்பைத் தாழ்த்தியதுபோல மூக்கை ஒரு குனி குனித்து வண்டி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு டிரைவர் கை தட்டினார்.

அக்கா கதவைத் திறந்து இறங்கி நேராகக் கணவரிடம் போனாள். "உங்களுக்கு அறிவிருக்கா? நிக்காம போயிருந்தா?"

"நின்னுச்சுல்ல" என்றார் அவர். முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை அவளிடம் நீட்டினார். "சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றாள் அக்கா. ஒரு சத்தத்தைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவள் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். கண்டக்டர் முன்கதவருகே வந்தார். பழக்கதோஷம், விசிலைக் கையில் எடுத்துவிட்டார். வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். முதலில் கதவைத் திறந்து ஏறினார். நீலக் கேன்வாஸ் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கதவை இழுத்துச் சாத்தினார், 'தொப்' என்று மூடிக்கொண்டது. இரண்டு காலும் உள்ளேதான் இருக்கின்றனவா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் விசில் அடித்தார்.

"ரைட், போலாம்."