விலாசதாரர் இல்லை

ஓய்வூதிய அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் உயிர்ச்சான்று சரிபார்த்தவள் நான். ஆளே எதிரில் வந்து நின்று இருமினாலும், "உயிரோட இருக்கீங்கங்கறதுக்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்பேன். அந்தப் புத்தி வீட்டிலும் போகாது. அதனால் அப்பாவுடைய அத்தை விஷயத்தில் நான் யாரையும் நம்பவில்லை. முக்கியமாக அந்த அத்தையை.

அப்பாவின் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளையை எடுத்து வளர்த்தது கல்யாணமாகாத அந்த அத்தைதான். அப்பாவுக்குப் பதினெட்டு வயதானபோது, கடல் கடந்து டீச்சர் வேலைக்குக் கிளம்பினாள். "ரெண்டே வருஷம்டா, வந்துடுவேன்" என்றாளாம். ரெண்டு வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது என்பார் அப்பா. "அங்க ஒரு குடும்பத்தைத் தேடிக்கிட்டா. நம்மளத் தலைமுழுகிட்டா." நானும் அதையே சொல்லிச் சொல்லி வளர்ந்தவள்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு. படுத்த படுக்கை. அரைத்தூக்கத்தில் கண் திறந்து, "அத்தை வந்தாளா?" என்று கேட்கிறார். கண்ணை மூடுவதற்குள் அந்த மனுஷனுக்கு ஒரு பதில் வேண்டாமா? பழைய கடிதத்தில் இருந்த பள்ளி முகவரிக்கு எழுதிப் போட்டேன்.

பள்ளி எழுத்தர் பணிப்பதிவேட்டின் நகல் அனுப்பினார். முப்பத்தொரு வருடம் நாலாம் வகுப்புக் கணக்கு டீச்சர். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. பணியில் இருக்கும்போதே மரணம். திருமணம்: இல்லை.

"இல்லைன்னு எழுதிட்டா இல்லாமப் போயிடுமா?" என்றேன். கூட வந்த போட்டோவில் அவள் மடியில் ஒரு குழந்தை. "பாருங்க, கையும் களவுமா!"

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பின்னாடி நாப்பது பிள்ளைங்க நிக்குது. அதெல்லாம்கூட அவங்க பெத்ததா?"

நான் விடுவேனா? வாரிசு நியமனப் படிவத்தைக் கேட்டு மறுபடி எழுதினேன். புருஷனோ பிள்ளையோ, யாராக இருந்தாலும் அதில் மாட்டிக்கொள்வார்கள். வந்தது. உறவு: மகன். ஹா, சிக்கினாள் என்று துள்ளினேன். பெயரைப் பார்த்தேன். என் அப்பாவின் பெயர்.

அதே பார்சலில், அவள் மேசையில் கிடந்ததாகப் பதினெட்டுக் கவர்கள் இருந்தன. எல்லாம் அப்பா பெயருக்கு, எங்கள் வீட்டு முகவரிக்கு எழுதியவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் 'விலாசதாரர் இல்லை, திருப்பி அனுப்புக' என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம். அந்த ஒப்பம் என் பள்ளிக்கூட மார்க் அட்டை முழுக்க இருக்கிறது. எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் தெருவாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கும் வேலையில்தான் அப்பா இருபது வயதில் சேர்ந்தார்.

கவர்களைக் கட்டிலில் கொட்டினேன்.

"யாருப்பா இது எழுதினது?"

அப்பா அந்தச் சிவப்பு மையைப் பார்த்தார். "நான்தான். வரேன்னு சொன்ன மாசம் அவ வரல. கடிதம் வந்துது. எவ கடிதம் கேட்டா?"

"பிரிச்சாவது பாத்திருக்கலாமே?"

"பிரிச்சா கோவம் போயிடும்டி."

"அப்போ கிழிச்சுப் போட்டிருக்க வேண்டியதுதானே? எதுக்கு இதையெல்லாம் அவளுக்கே திருப்பி அனுப்பினீங்க?"

"தபாலைக் கிழிக்கறதா?" படுத்திருந்தவர் தலையைத் தூக்கிவிட்டார். "நான் தபால் இலாகாக்காரன்!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செத்துப்போன ஒருத்தியை ஆயுசு முழுக்கச் சந்தேகப்பட்டிருக்கிறேன். திருட்டுத்தனம் செய்தவருக்குத் தினம் நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன்.

"பிரிக்கட்டுமா?" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதியில் முதலாவதைப் பிரித்துப் படித்தேன்.

'என் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஒரு பருவம் இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சுகிறார்கள். எனக்கு உன் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. "வா" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. அதைக் காட்டி அடுத்த கப்பலிலேயே ஏறிவிடுகிறேன்.'

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுதியிருந்தா வந்திருப்பாளாடி?"

அத்தாட்சி இல்லாமல் எதையும் சொல்லாதவள் நான். "வந்திருப்பாப்பா" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது. நான் தொடவில்லை. திரும்பாமலேயே கையை மட்டும் நீட்டிக் கவர்களைத் தடவினார்.

"அடுத்ததைப் படி."