இருபத்தோரு அங்குலம்

கட்டட வரைபடம் போடுகிற அந்தப் பெண்மணிக்குத் தெருவார் வைத்த பெயர் அங்குலம். நாற்காலி வாங்கப் போனாலும் பையிலிருந்து டேப்பை உருவி அளப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வயது ஐம்பத்தெட்டு. தாய் போன பிறகு இருபத்திரண்டு வருடமாகத் தனிக்கட்டை. அலுவலகத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரலை அவரே கேட்பது காய்கறிக் கடையில்தான்.

பழமையான அந்தத் தெருவின் கோடியில் ஒரு கிடங்கு பாதி இடிந்து கிடந்தது. அதில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு கட்ட மூன்று வருடம் தலையால் தண்ணீர் குடித்தார். நூற்றைம்பது வருட முன்சுவரைத் தொடாதே, பக்கத்துக் கூரையைவிட ஒரு செங்கல்கூட உயராதே என்றது பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகம். குடிவரப் போகிறவர்களோ பஸ் ஓட்டுநர், தையல்காரர், ஆஸ்பத்திரி ஆயா. மின்விசிறி போடவே யோசிக்கிறவர்கள். அதனால் இடிந்த செங்கல்லையே திரும்ப அடுக்கி, நடுவில் தரையிலிருந்து மொட்டைமாடிவரை காற்று ஏற ஒரு கூண்டு விட்டு, வெயில் எட்டாத பக்கமாக ஜன்னல் வைத்து வரைந்தார். எல்லாம் அந்தப் பழைய சுவர்களுக்குள் அடங்க வேண்டுமே. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று அங்குலம் அங்குலமாகத் திருடித்தான் அடக்கினார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. காகிதத்தைக் காட்டி யாரிடமும் கையெழுத்து வாங்க மாட்டார். வரைந்த வீட்டை நிஜ அளவிலேயே தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, குடிவருகிறவர்களை உள்ளே நடக்கவிடுவார். அன்று காலையும் அப்படித்தான். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு கையெழுத்தும் நகராட்சிக்குப் போகாவிட்டால், இடத்தைக் கார் நிறுத்தத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கூடம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று, படுக்கையறையும்தான். ஓட்டுநரின் மனைவி சமையலறைக்குள் போய், அடுப்புக்குப் போட்ட கட்டத்தின் முன் நின்று பார்த்தாள். குழாய் பக்கம் போகவேண்டிய ஓட்டுநர் கோட்டைத் தாண்டி வெளியே கால் வைத்தார்.

“சுவரைத் தாண்டிட்டீங்க,” என்றார் அங்குலம்.

“பின்ன எப்படிங்க போறது? அவ நிக்கிறாளே.”

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் மகளும் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் கோட்டுக்கு வெளியேதான் காலை வைத்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“யாரு உடம்பை வெச்சும்மா அளந்தீங்க?” என்று ஆயா கேட்டார்.

“என் உடம்பை வெச்சுதான்.”

“கூட யாரும் நிக்க மாட்டாங்களா?”

“இல்லீங்க.”

ஆயா ஒன்றும் குத்திக்காட்டவில்லை, பாவம். ஆனாலும் அங்குலத்துக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அடுப்பு மேடைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே இருபத்தோரு அங்குலம். அவர் வீட்டில் இருபதுதான், ஒருநாளும் இடித்ததில்லை. இடிக்க யார் இருந்தார்கள்? காற்று எந்தப் பக்கம் போகும், வெயில் எங்கே விழும் என்று மண்டையைக் குடைந்துகொண்டவருக்கு, அடுப்படிக்கு இன்னோர் ஆளும் வருவார் என்பது மட்டும் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“அந்தக் காத்துக்கூண்டைக் கொஞ்சம் சுருக்கிட்டா?” என்றார் தையல்காரர்.

“அதுல கை வெச்சா கோடையில வெந்துபோயிடுவீங்க. கூடத்துலதான் எடுக்கணும்.”

“எடுங்க. எவ்வளவுன்னு இப்பவே அளந்து எழுதிக் குடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுறோம்,” என்றார் ஓட்டுநர்.

அங்குலம் டேப்பை மேடைக் கோட்டிலிருந்து கூடத்துப் பக்கமாகத் தரையில் விரித்தார். ஒருவர் நிற்க, இன்னொருவர் பின்னால் கடந்து போகும்போது கால் எந்த எண்ணில் படுகிறது என்று பார்த்தால் போதும். ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

“அவரு வேணாம். நீங்களே அடுப்பைப் பார்த்து நில்லுங்கக்கா, நான் போறேன்,” என்றாள் மனைவி.

நின்றார். அவள் தன் வீட்டில் செய்கிற மாதிரியே அவர் தோளில் ஒரு கையை வைத்து, “கொஞ்சம் நகருங்க” என்று சொல்லி, முதுகை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அங்குலம் திரும்பவில்லை. அடுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தனைக்கா வந்துச்சு?” ஓட்டுநர் பேனாவை நீட்டினார்.

“பார்க்கலைங்க,” என்றார் அங்குலம். “இன்னொரு தடவை போம்மா.”